தள்ளுபடி மளிகைக் கடையில் சாமான் வாங்குவது: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள பெரிய தள்ளுபடிக் கடை ஒன்றில் பில் போடும் வரிசையில் நின்றவர்களுக்கு, அந்தப் பில்லின் அடியில் அச்சாகும் ஒரு வரி நன்றாகத் தெரிந்திருக்கும். இன்று நீங்கள் மிச்சப்படுத்திய தொகை இவ்வளவு என்று அது சொல்லும். வீட்டுக்கு வந்து அந்தத் தொகையை உரக்கப் படித்துக் காட்டும் பழக்கம் எனக்கும் இருந்தது. பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தத் தொகை, உறையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையிலிருந்து, அதாவது எம்.ஆர்.பி.யிலிருந்து கழித்துப் பெறப்பட்டது. நம் தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரரும் பல பொருள்களை எம்.ஆர்.பி.க்குக் குறைத்தே கொடுக்கிறார்; கோட்டாற்று மொத்தக் கடையில் அதைவிடவும் குறைத்துக் கொடுக்கிறார்கள். ஆகவே, வேறு எங்கே வாங்கியிருப்போமோ அந்த இடத்து விலையோடு ஒப்பிட்டால்தான் உண்மையில் என்ன மிஞ்சியது என்பது தெரியும். அந்த ஒப்பீட்டை எப்படிச் செய்வது, எதை அங்கே வாங்குவது, எதை வாங்காமல் திரும்புவது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: விலை ஏன் குறைகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

தள்ளுபடிக் கடை என்ற வணிக முறை ஜெர்மனியில் வேரூன்றியது. எஸ்ஸென் நகரில் தாயார் நடத்திய சிறிய கடையை இரண்டாம் உலகப் போருக்குப் பின் எடுத்து நடத்திய ஆல்பிரெக்ட் சகோதரர்கள், குறைந்த வகைச் சரக்கு, அலங்காரமில்லாத கடை, அட்டைப் பெட்டியைத் திறந்தபடியே அடுக்கி வைப்பது, குறைந்த ஆட்கள் ஆகியவற்றைக் கொண்டு விலையைக் குறைத்தார்கள். 1962-இல் அவர்கள் கடைக்கு இட்ட ஆல்டி என்ற பெயரே 'ஆல்பிரெக்ட் டிஸ்கவுண்ட்' என்பதன் சுருக்கந்தான். இந்தியாவில் ராதாகிஷன் தமானி 2002-இல் மும்பை பவாயில் முதல் கடையைத் திறந்த டிமார்ட் நிறுவனம், பெரும்பாலும் தன் சொந்தக் கட்டடத்திலேயே கடை நடத்துவது, சரக்குக் கொடுப்பவருக்கு விரைவில் பணம் கொடுத்து விலை குறைத்து வாங்குவது ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டது.

இதிலிருந்து வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. கடைக்காரருக்கு மொத்தமாக வாங்கவும் நெடுநாள் வைத்து விற்கவும் தோதான உறையிட்ட பொருள்களில்தான் விலைக் குறைப்பு ஆழமாக இருக்கும்; நாள்தோறும் வாடி அழுகும் காய், மீன், பழம் ஆகியவற்றில் அந்த முறைக்குப் பெரிய பலம் கிடையாது. மேலும், சில பொருள்களில் மிகக் குறைவாக விற்பதன் நட்டத்தை, நாம் யோசிக்காமல் கூடையில் போடும் வேறு பொருள்களின் லாபத்தில் ஈடுகட்டுவது எல்லாப் பெரிய கடைகளுக்கும் பொதுவான வழக்கம். சீனியும் எண்ணெயும் நம்மை உள்ளே இழுக்கும். பிளாஸ்டிக் டப்பாவும் துண்டும் சாக்லேட்டும் கடைக்குப் பிழைப்பைத் தரும்.

இரண்டாம் படி: கிளம்பும் முன் ஒரு விலை நோட்டு போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டுமே பின்பற்ற இயலும் என்றால், இதைப் பின்பற்றுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். வீட்டில் மாதந்தோறும் தவறாமல் வாங்கும் இருபது, இருபத்தைந்து பொருள்களை மட்டும் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக எழுதி, எந்தக் கடை, என்ன தேதி, என்ன அளவு, என்ன விலை, அதைக் கிலோவுக்கோ லிட்டருக்கோ மாற்றினால் எவ்வளவு என்ற ஐந்தையும் குறித்துவர வேண்டும். கடைசியாகச் சொன்ன கிலோ விலைதான் இதில் உயிர்நாடி. மற்ற நான்கும் அதற்குத் துணை.

எண்ணெய் உறையை எடுத்துக்கொள்வோம். ஒரே அலமாரியில் அருகருகே இரண்டு உறைகள். இரண்டும் பார்வைக்கு ஒரே உயரம். ஒன்றின் விலை 165 ரூபாய், மற்றதன் விலை 148 ரூபாய். கை தானாகவே 148-ஐ நோக்கிப் போகும். உறையைத் திருப்பி, பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ள நிகர அளவைப் பார்த்தால், முதலாவதில் 1 லிட்டர், அதாவது ஏறத்தாழ 910 கிராம் என்றும், இரண்டாவதில் 850 மில்லி லிட்டர் என்றும் இருக்கும். 148-ஐ 0.85-ஆல் வகுத்தால் லிட்டர் 174 ரூபாய் ஆகிறது. மலிவு என்று நினைத்தது லிட்டருக்கு ஒன்பது ரூபாய் கூடுதல். இந்த விலைகள் கணக்குக்காக நான் இட்டவை என்றாலும், இத்தகைய உறைகள் எல்லாக் கடைகளிலும் இருக்கின்றன. உறையிட்ட பொருள்களில் ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி லிட்டர் என்ன விலை என்ற அலகு விலையையும் இப்போது அச்சிட வேண்டும் என்பது விதி, எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் தேடினால் கிடைக்கும். கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத அளவில் அது இருந்தால், கைப்பேசியின் கணிப்பான் போதும்.

அரிசியிலும் இதே கணக்கு உண்டு. 2022 ஜூலை 18 முதல், முத்திரையிட்டு உறையில் அடைத்த 25 கிலோ வரையிலான அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றுக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. அதற்குப் பின்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை புழக்கத்துக்கு வந்தது. 25 கிலோவைத் தாண்டியதால் அந்த வரி அதற்கு இல்லை. 25 கிலோ மூட்டை 1,400 ரூபாய் என்றும் 26 கிலோ மூட்டை 1,430 ரூபாய் என்றும் இருந்தால், முதலாவது கிலோ 56, இரண்டாவது கிலோ 55. மூட்டையின் மேல் எழுதிய எண்ணைப் பார்க்காமல் விலையை மட்டும் ஒப்பிடுபவர் இதைத் தலைகீழாகவே புரிந்துகொள்வார்.

இன்னொரு சிறு எச்சரிக்கை. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் போன்றவற்றுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு முன் குறித்த விலையை வைத்துக்கொண்டு இன்றைய கடை மலிவு என்று மகிழ்ந்தால், வரி குறைந்ததன் புகழைக் கடைக்குக் கொடுத்தவர் ஆவோம். பழைய விலைகளை அடித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.

மூன்றாம் படி: பொருள்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நோட்டு இரண்டு மாதம் நிறைந்தபின் பட்டியல் தானாகவே பிரிந்துவிடும். எங்கள் வீட்டு அனுபவத்தில், சலவைத்தூள், குளியல் சோப்பு, பாத்திரம் துலக்கும் திரவம், பற்பசை, தேயிலை, சீனி, உறையிட்ட பருப்பு வகைகள், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றில் தள்ளுபடிக் கடை பெரும்பாலும் வெல்கிறது. இவை எங்கே வாங்கினாலும் ஒரே தரமுள்ளவை என்பதால், குறைந்த விலைக்கு வாங்குவதில் இழப்பு ஒன்றும் இல்லை. கடையின் சொந்த முத்திரையிட்ட உளுந்து, கடலைப் பருப்பு ஆகியவற்றை முதலில் அரைக் கிலோ வாங்கி, வேகும் விதத்தையும் மாவு காணும் விதத்தையும் பார்த்தபின் கூட்டலாம். மலிவான உளுந்து மாவு காணவில்லை என்றால் அது மலிவே அல்ல.

அங்கே வாங்கத் தேவையில்லாதவற்றின் பட்டியல்தான் குமரி மாவட்டத்தில் நீளமானது. மரச்சீனி என்ற மரவள்ளிக்கிழங்கு, ஏத்தங்காய், மட்டிப்பழம், தேங்காய், சக்கை, கீரை, மீன் ஆகியவற்றுக்கு வடசேரிக் கனகமூலம் சந்தை, உழவர் சந்தை, திங்கள்சந்தை, மார்த்தாண்டம் சந்தை ஆகியவை இருக்கும்போது, குளிரூட்டிய அலமாரியில் நெகிழித்தாள் சுற்றி வைத்த நான்கு வாழைக்காயை ஏன் வாங்க வேண்டும்? 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம் குலையில் பழுத்து ஓரிரு நாளில் தின்றுவிட வேண்டிய பழம். அதைப் பெட்டியில் அடைத்துத் தொலைவுக்கு அனுப்பும் வணிகம் சீராக நடத்த முடியாது. மதியத்துக்குப் பின் சந்தைக்குப் போனால் காய்கறி விலையில் கிடைக்கும் இறக்கம் எந்தத் தள்ளுபடிக் கடையிலும் கிடைக்காது. அதுவே நம் பழைய தள்ளுபடி முறை.

நல்லமிளகு, கிராம்பு ஆகியவற்றையும் ஊரிலேயே வாங்குங்கள். மலையோரத் தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரிக் கிராம்பு 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. உறையில் வரும் கிராம்பை நகத்தால் அழுத்திப் பாருங்கள். எண்ணெய் கசியவில்லை என்றால் அதன் வாசம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கலாம்.

தேங்காய் எண்ணெயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சொந்த மரம் உள்ளவர்கள் தேங்காயை உடைத்து உலர்த்தி மில்லில் ஆட்டிக்கொள்வது இங்கே இன்னும் வழக்கத்தில் உள்ளது. 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை கிடுகிடுவென ஏறியபோது, பலர் முதன்முறையாக அலமாரியில் இருந்த மலிவான உறைகளை நோக்கித் திரும்பினார்கள். அவற்றில் சிலவற்றில் தென்னை மரப் படம் பெரிதாகவும், கலப்புத் தாவர எண்ணெய் என்ற சொல் சிறிதாகவும் இருக்கும். கலப்பு எண்ணெய் விற்பது குற்றமல்ல. அப்படி எழுதியிருப்பதைப் படிக்காமல் தேங்காய் எண்ணெய் என்று நினைத்து வாங்குவது நம் குற்றம்.

ரேஷன் கடையை இந்தக் கணக்கிலிருந்து விட்டுவிடுபவர்கள் உண்டு. அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எந்தத் தள்ளுபடிக் கடையும் இந்த விலையை நெருங்க முடியாது. ரேஷன் பருப்பு கையில் இருக்கும் மாதத்தில் தள்ளுபடிப் பருப்பு இரண்டு கிலோ வாங்குவது, மிச்சப்படுத்துவதாக நினைத்துச் செலவழிப்பதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

நான்காம் படி: போக்குவரத்தைக் கணக்கில் சேருங்கள்

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் சுமார் 30 கிலோமீட்டர். இருசக்கர வாகனத்தில் போய்வர 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டியில், பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் நிலையில், 130 ரூபாய் போய்விடும். நான்காயிரம் ரூபாய்ச் சாமானில் உண்மையாக மிஞ்சுவது முந்நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழப் பாதி வழியிலேயே எரிந்துவிடுகிறது. ஆயிரம் ரூபாய்ச் சாமானுக்காக அதே தூரம் போவது நட்டம். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணம் இல்லை என்பதால், போகும் வழிச் செலவு பூஜ்யம் என்று பலர் கணக்கிடுகிறார்கள். பத்துக் கிலோ அரிசியும் ஐந்து லிட்டர் எண்ணெயுமாக வெளியே வந்தபின், ஆட்டோ பிடிக்காமல் திரும்பியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. வேறு வேலையாக ஊருக்குப் போகும் நாளோடு சேர்த்துக்கொள்வது, அல்லது பக்கத்து வீட்டாரும் சேர்ந்து ஒரே வண்டியில் போய்வருவது ஆகிய இரண்டும் நன்றாகப் பயன்படுகின்றன.

பையும் வீட்டிலிருந்தே வர வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. கடையில் விற்கும் துணிப்பைக்குத் தனிவிலை.

ஐந்தாம் படி: கடைக்குள்

பட்டியலில் உள்ளதை மட்டும் எடுப்பது என்ற உறுதியோடு நுழையுங்கள், சாப்பிட்டபின் போங்கள், கூடுமானால் குழந்தைகளை விட்டுவிட்டுப் போங்கள். இவை எல்லோரும் அறிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

கண்மட்டத்து அலமாரியில் இருப்பதைவிட, குனிந்து எடுக்க வேண்டிய கீழ்த்தட்டில் கிலோ விலை பெரும்பாலும் குறைவாக இருக்கும். பெரிய உறை எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். தேயிலையிலும் பிஸ்கட்டிலும் சிறிய உறைகள் கிராம் கணக்கில் மலிவாக அமைவதை நோட்டில் பலமுறை குறித்திருக்கிறேன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற அட்டையைக் கண்டால், முதலில் உறையின் பின்புறத்தில் தயாரிப்பு மாதத்தையும் எந்த நாள் வரை நன்றாக இருக்கும் என்பதையும் பாருங்கள். இலவசமாகத் தள்ளப்படும் சரக்கு, நாள் நெருங்கியதாக இருக்க வாய்ப்பு அதிகம். நாள் நெருங்கியது கெட்டுப்போனது ஆகாது. ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும் நூடுல்ஸ் என்றால் வாங்கலாம், மூன்று மாதம் வைக்கும் சத்துமாவு என்றால் வேண்டாம். அடுக்கின் முன்வரிசையில் பழைய சரக்கும் பின்வரிசையில் புதிய சரக்கும் இருப்பது வழக்கம், ஆகவே கையை உள்ளே விட்டு எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெயர் தெரியாத முத்திரைகளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: பில்லைச் சரிபாருங்கள்

ஒருமுறை, கடையின் பெயர் வேண்டாம், அலமாரி அட்டையில் கிலோ 118 ரூபாய் என்று எழுதியிருந்த சிறுபயறு, பில்லில் 134 ரூபாய் என்று வந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன் முந்திரிக்கொத்துக்காக மூன்று கிலோ எடுத்திருந்ததால் வேறுபாடு 48 ரூபாய். கேட்டபோது, "அது போன வாரத்து அட்டை சார், மாத்த மறந்துட்டாங்க" என்று பில் போட்ட பெண் சிரித்தபடி சொன்னார். அவர் பிழை அதில் ஒன்றும் இல்லை. ஆனால் நான் கேட்டிராவிட்டால் அந்தப் பணம் திரும்பியிருக்காது. அன்றிலிருந்து விலை அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறேன். கடையை விட்டு வெளியேறும் முன், ஓரமாக நின்று பில்லை வரிவரியாகப் பார்க்கிறேன். ஒரே பொருள் இருமுறை ஏறியிருப்பதும், சலுகை கழிக்கப்படாமல் இருப்பதும் அப்போதுதான் அகப்படும்.

பில் போடும்போது கைப்பேசி எண்ணைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் அறிவுறுத்தியது. எண் கொடுக்க விருப்பமில்லை என்றால், இல்லை என்று சொல்லலாம். கடைக்காரர் எம்.ஆர்.பி.க்கு மேல் பணம் வாங்குவது சட்டப்படி தவறு. கடையில் தீராத குறைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பில்லும் உறையும் கையில் இருந்தால் பேச்சு எளிதாகும்.

ஏழாம் படி: ஊர்க் கடையின் பற்றுக் கணக்கை முறித்துவிடாதீர்கள்

தள்ளுபடிக் கடையின் மிகப் பெரிய குறை, அங்கே கடன் கிடையாது என்பது. மாதச் சம்பளக்காரருக்கு இது பெரிதாகத் தோன்றாது. கடற்கரை ஊர்களில் இதன் பொருளே வேறு. நம் மாவட்டத்தின் கடல் கிழக்கு, மேற்கு ஆகிய இரு கரைகளின் கணக்கிலும் வருவதால், சின்னமுட்டம் பகுதி விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பகுதிகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் மீன்பிடித் தடைக்காலம் அமைகிறது. அந்த 61 நாளும் பற்று நோட்டில் எழுதி அரிசி கொடுப்பவர் ஊர்ப் பலசரக்குக் கடைக்காரர்தான். மழை நாளில் ரப்பர் பால் வெட்டு நின்றுபோன தொழிலாளிக்கும் அவரே துணை. அவரிடம் மிளகாய் வத்தல் சற்று விலை கூடுதலாக இருந்தால், அதில் ஒரு பங்கு இந்தக் கடனுக்கான வட்டி என்று கொள்வதே நியாயமான கணக்கு. மாதத்தின் நடுவில் தேவைப்படும் கால் கிலோ உள்ளியையும் பத்து ரூபாய்க் காயத்தையும் அவரிடமே வாங்குங்கள். பெரிய கடையில் அவ்வளவு சிறிய அளவு கிடைக்கவும் செய்யாது. அவரிடம் விலை கேட்கவும் தயங்க வேண்டாம். நோட்டைக் காட்டி, "அண்ணாச்சி, சீனி அங்க இவ்வளவுக்குக் கிடைக்குது" என்றால், மூட்டையாக எடுப்பவருக்கு அவரும் இறங்கி வருவார்.

எட்டாம் படி: சேமித்து வைப்பது

மலிவாக வாங்கியதைப் பாழாக்குவதற்கு நம் மாவட்டத்து ஈரக்காற்றே போதும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டும் நம்மை நனைக்கின்றன. ஜூன், ஜூலை மாதச் சாரலிலும் அக்டோபர், நவம்பர் மழையிலும் அப்பளம் சவச்சவ என்றாகும், சீனி கட்டிபிடிக்கும், ரவையில் வண்டு ஊறும். மும்பைக்காரர் மூன்று மாதச் சரக்கு வாங்குவதை அப்படியே பின்பற்றினால் இங்கே பாதி குப்பைக்குப் போகும். ஆகவே மழை மாதங்களில் கோதுமை மாவு, ரவை, கடலை மாவு, பொரி ஆகியவற்றை ஒரு மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள். சோப்பும் சலவைத்தூளும் எத்தனை மாதத்துக்கும் வாங்கலாம்.

வந்ததும் உறையோடு அலமாரியில் வைத்துவிடும் பழக்கம் எங்கள் வீட்டில் இருந்தது. ஒரு ஐப்பசியில், சலுகையில் எடுத்த ஐந்து கிலோ ரவை மூட்டையில் முதல் கிலோவைத்தான் உப்புமாவாகச் சாப்பிட்டோம். மீதி நான்கு கிலோவும் கோழிக்குப் போயிற்று. இப்போது ரவை வந்த அன்றே வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து, தாளில் பரப்பி முற்றும் ஆறியபின், எவர்சில்வர் டப்பாவில் அழுத்தி மூடுகிறோம். சூடு ஆறும் முன் மூடினால் ஆவி உள்ளே நின்று, வறுத்ததே வீணாகிவிடும். அரிசி மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைத்து, வேப்பிலைக் கொத்தோ மிளகாய் வத்தலோ இடையில் போடலாம். பருப்பை நல்ல வெயிலில் ஒரு பகல் காயவைத்து அடைப்பது மேலும் நல்லது. ஆடிச் சாரலில் அப்படி ஒரு வெயில் எப்போது அடிக்கும் என்பது நம் கையில் இல்லாததால், வெயிலைக் கண்ட அன்றே முறத்தை வெளியே எடுத்துவிட வேண்டும்.

டப்பாவின் மூடியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டி, வாங்கிய தேதியை எழுதுங்கள். தீர்ந்த தேதியையும் அதன் கீழே எழுதிவந்தால், அடுத்த முறை எத்தனை கிலோ எடுப்பது என்பதை அந்தத் தாளைப் பார்த்தே பட்டியலில் எழுதிக்கொள்ளலாம்.